நீல விளிம்புக் கோப்பை

கெய்சர் ஒழுகிய சனிக்கிழமை.
ம்தோகோசிசி கூரைக்கடியிலிருந்து இறங்கி
சமையலறை வாசலில் நின்று நெற்றியைத் துடைத்தார்.
சாட்ஸ்வொர்த் சரிவெங்கும் தகரக் கூரைகள்
கண்ணைக் குத்திக்கொண்டிருந்தன.
"அங்கிளுக்குத் தண்ணி குடும்மா" என்றேன்.

கெருஷனிக்கு நாலரை வயது.
நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.
ஏழு கண்ணாடிக் குவளைகள் வரிசையாக இருந்தன.
ஏழையும் தாண்டி
சோப்புத் தூள் டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு
எடுத்தாள்
நீல விளிம்பு வைத்த எனாமல் கோப்பையை.

யாரும் சொல்லவில்லை.
நான் சொல்லவில்லை. சரோஷினி சத்தியம் செய்கிறாள்.
எங்கள் வீட்டில் அந்த வார்த்தைகள் கிடையாது.
தொண்ணூற்று நாலில் ஆறு மணி நேரம் வரிசையில் நின்று
முன்னால் நின்ற உம்லாசி கிழவரின் குடையில்
பாதி நிழல் வாங்கி ஓட்டுப் போட்டவன் நான்.

அப்படியானால் ரத்தத்திலேயே வருகிறதா இது?
ஏழாம் மாதத்தில் ஒருநாள்
மீசை எடுத்துவிட்டு வந்த என்னைப் பார்த்து
வீறிட்டாள், மூன்று நாள் கிட்டவே வரவில்லை.
பயம் பிறவியிலேயே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் அந்தப் பயத்துக்கு நிறம் தெரியாது.
அது மீசையைத்தான் தேடி அழுதது.
கிரெஷில் இப்போதும்
நோம்வூலாவின் வாயிலிருந்து மிட்டாயைப் பிடுங்கித்
தன் வாயில் போட்டுக்கொள்கிறவள்தான்.

'வந்தான்', 'வந்தார்' எல்லாம்
யார் கற்றுக்கொடுத்தோம் அவளுக்கு?
ஒருநாளும் பாடம் நடத்தவில்லை.
கோயில் ஐயர் வந்தார், டாக்டர் வந்தார்,
குப்பை எடுக்கிறவன் வந்தான்.
அவளே கேட்டுப் பிரித்துக்கொண்டாள்.
மேலே, 'துடைத்தார்' என்று எழுதியிருக்கிறேன்.
அன்றைக்கு சரோஷினியிடம் சொன்னது
"வந்துட்டான், ஏணி கேக்கறான்."

பாத்திரம் கழுவுகிறவன் நான்.
ஒன்பது வருடமாய், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.
அந்தக் கோப்பையைக் கடைசியில் கழுவுகிறேன்,
தனி நாரில்.
ஏன் என்று கை என்னைக் கேட்டதில்லை,
நானும் கையைக் கேட்டதில்லை.
யார் வாங்கினது என்றும் தெரியாது.
சரோஷினியின் அம்மா வீட்டிலிருந்து
சட்டிபானைகளோடு வந்து சேர்ந்தது.
அங்கே வேலைக்கு வந்த பெண்ணுக்கு
தொட்டிக்கு அடியில் அதுதான் இருந்ததாம்.
அந்தப் பெண்ணின் பெயர் கேட்டேன்.
"மேரின்னுதான் கூப்பிடுவோம்" என்றாள்.

கப்பலில் ஒரே அண்டாவில் சோறு,
சாதியெல்லாம் கடலில் கரைந்துபோச்சு என்பார்கள் இங்கே.
கரைந்ததுதான், உப்பு கரைகிற மாதிரி.
கண்ணுக்குத் தெரியாது.
நாக்குக்குத் தெரியும்.

ம்தோகோசிசி கோப்பையைப் பார்த்தார்.
விளிம்பு பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.
இதே கோப்பையை வேறு வேறு வீடுகளில்
பார்த்தவருடைய விரல் அது.
நின்றபடியே குடித்தார்.
குழந்தைக்கு நன்றி சொன்னார், தலை குனிந்து, முறையாக.
வெளியே வண்டியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.
அவனுக்கும் கொடுக்கட்டுமா என்றேன்.
"மலாவிக்காரன். அவனுக்குத் தோட்டத்துக் குழாய் போதும்.
இவனுங்களை உள்ளே விடக்கூடாது சார்" என்றார் சிரித்து.
கெருஷனி நாற்காலியில் நின்றபடி
அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கெய்சருக்குக் காசை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு அதை எடுத்து
ஏழு குவளைகளுக்கு நடுவில் வைத்தேன்.
பெரிய காரியம் செய்தவன் போலத் தூங்கினேன்.

காலையில் பாதித் தூக்கத்தில் தேநீர் போடும்போது
கை அதைத் தாண்டிப் போயிற்று.
இழுத்துத் திருப்பி
அதிலேயே ஊற்றிக் குடித்தேன்.
எனாமல், சூட்டை அப்படியே உதட்டுக்குக் கொடுத்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவள்
வாசலிலேயே நின்றுவிட்டாள்.
"அப்பா," என்றாள்,
தவறு செய்கிற பிள்ளையைத் திருத்துகிற பொறுமையோடு,
"அது நம்ம கப் இல்ல."